பாட்டியின் கல்யாண போட்டோ ஏன் பச்சையாக வருகிறது? வீட்டு பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கும் வழி!

"போட்டோ கறுப்பு வெள்ளை. பிரிண்டர்ல கறுப்பு இங்க்கும் முழுசா இருக்கு. அப்புறம் எப்படிப்பா பாட்டி முகம் மட்டும் பச்சையா வருது?"

அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் என்று வீட்டில் விசேஷம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். பத்திரிகையில் போட, ஃபிளெக்ஸில் போட, ஃபிரேம் பண்ணி மேடையில் வைக்க எல்லோரும் தேடுவது அந்த ஒரே ஒரு கல்யாணப் படத்தைத்தான். பீரோவுக்குள்ளிருந்து எடுத்து, போனில் கிளிக் பண்ணி, வீட்டு பிரிண்டரில் போட்டால் பச்சை, ஊதா, சில சமயம் செங்கல் நிறம். சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு "யாரு இது?" என்று கேட்கும் அளவுக்கு முகம் மாறிப்போய் வரும்.

கடலூர்ப் பக்கம் இந்தப் பிரச்னை கொஞ்சம் அதிகம். காரணம், திருவந்திபுரம்!

கடலூரிலிருந்து சில கிலோ மீட்டரில், கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கும் தேவநாத சுவாமி கோயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. எதிரே ஔஷதகிரி மலையில் ஹயக்ரீவர். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு "கல்யாணம் எங்கே?" என்றால் பதில் திருவந்திபுரம்தான். நல்ல முகூர்த்த நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடந்தன என்று செய்தி வருவது இங்கே வாடிக்கை.

இன்று ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். 1960, 70-களில் நிலைமையே வேறு. அன்று ஸ்டுடியோக்காரர்கள் அதிகம் பயன்படுத்தியது 120 ரோல் ஃபிலிம். சதுரப் படமாக எடுத்தால் ஒரு ரோலில் 12 படங்கள்தான். மாலை மாற்றுவது ஒன்று, தாலி கட்டுவது ஒன்று, இரு வீட்டாரும் நிற்பது ஒன்று என்று எண்ணி எண்ணித்தான் எடுத்தார்கள். ஊட்டியில் மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. அதன் 'இந்து' பிராண்ட் ஃபிலிமும் பேப்பரும் நம்மூர் ஸ்டுடியோக்களில் புழங்கியவை. இப்போது அந்தத் தொழிற்சாலையே இல்லை. ஸ்டுடியோ மூடியபோது பல இடங்களில் நெகட்டிவ்களும் போய்விட்டன.

மீதி இருப்பது ஆல்பம். அதையும் 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் இழந்திருக்கின்றன. அதனால் தப்பிப் பிழைத்த ஒரு படம் என்றால், அதைச் சரியாகப் பிரதி எடுப்பது அவசர வேலை.

எப்படி என்று பார்ப்போம்.

பச்சை எங்கிருந்து வருகிறது?

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கும் கறுப்பு, வெள்ளி. ஆமாம், உலோக வெள்ளிதான்! பேப்பரில் பூசிய வெள்ளி உப்பு, வெளிச்சம் பட்டு, டார்க் ரூமில் கழுவப்பட்டதும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்களாக மாறும். துகள் நெருக்கமாக இருந்தால் கறுப்பு, குறைவாக இருந்தால் சாம்பல். எல்லாமே ஒரே பொருள் என்பதால் நிறம் பெரிதாகச் சாயாது.

நம் வீட்டு பிரிண்டரில் வெள்ளி கிடையாது. நான்கு இங்க் இருக்கும்: சயான் என்ற நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. போட்டோவில் சாம்பல் நிறம் வேண்டும் என்றால், பெரும்பாலான நேரம் முதல் மூன்றையும் கலந்துதான் பிரிண்டர் அதை உண்டாக்குகிறது.

பல்லக்குத் தூக்குபவர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தோளைக் கொஞ்சம் இறக்கினாலும் பல்லக்கு சாய்ந்துவிடும். இங்கேயும் அதே கதைதான். மெஜந்தா கொஞ்சம் குறைந்தால் படம் பச்சையாகும். சயான் குறைந்தால் சிவப்பாகும். மஞ்சள் குறைந்தால் நீலமாகும். கலர் படத்தில் இந்தச் சாய்வு பட்டுப்புடவை நிறத்துக்குள் ஒளிந்துகொள்ளும். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒளிய இடமே இல்லை. அதுவும் முகத்தில் நம் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

"அப்ப கறுப்பு இங்க் மட்டும் போட்டா?" என்று கேட்கலாம். போடலாம். ஆனால், கன்னம், நெற்றி போன்ற வெளிர் இடங்களில் கறுப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். ரவை தூவியதுபோல இருக்கும். எதை எப்போது பயன்படுத்துவது என்பதுதான் விஷயம்.

முதலில் நல்ல பிரதி

பிரிண்டரைத் தொடுவதற்கு முன்னால், படத்தை போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ சரியாகக் கொண்டுவர வேண்டும். இங்கே கோட்டைவிட்டால் எந்த பிரிண்டரும் காப்பாற்றாது.

ஆல் இன் ஒன் பிரிண்டர் என்றால் மேலேயே ஸ்கேனர் இருக்கும். கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, 600 டிபிஐ-யில், கலர் மோடில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்குக் கலர் என்று தோன்றும். காரணம் இருக்கிறது, அடுத்த பகுதியில் சொல்கிறேன். இரண்டரைக்கு மூன்றரை அங்குலக் குட்டிப் படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 1,500-க்கு 2,100 பிக்ஸல் கிடைக்கும். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வேண்டும். ஆக, இதை வைத்து 5-க்கு 7 அங்குலப் படம் தாராளமாக எடுக்கலாம்.

ஸ்கேனர் இல்லையா? போன் போதும். ஆனால் இப்படிச் செய்யுங்கள்:

* ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாத இடத்தில் படத்தைத் தரையில் வையுங்கள். டியூப் லைட்டையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள்.
* போனைப் படத்துக்கு நேர் மேலே, சமமாகப் பிடியுங்கள். ரொம்ப நெருங்காமல், கொஞ்சம் தள்ளி நின்று 2x-ல் எடுத்தால் ஓரங்கள் வளையாது.
* படம் ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவே கூடாது. முகம் அப்படியே கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். பளபளப்பு அடித்தால் கூகுளின் போட்டோஸ்கேன் ஆப் நான்கு கோணத்தில் எடுத்துச் சேர்த்து, பளபளப்பைக் குறைத்துத் தரும்.
* வெளியூரில் இருக்கும் அண்ணன் அனுப்புகிறார் என்றால், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லாதீர்கள். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

மஞ்சள் கறைக்கு சிவப்பு ஃபில்டர்

பழைய படம் மஞ்சளாவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. அன்று டார்க் ரூமில் 'ஹைப்போ' என்ற ரசாயனத்தில் முக்கிய பிறகு தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். அவசரத்தில் கழுவியிருந்தால் மிச்சமிருக்கும் ஹைப்போ மெதுவாக வெள்ளியைத் தின்னும். இன்னொன்று, கடலோரத்து ஈரக்காற்று.

இந்த மஞ்சளையும் பழுப்புக் கறையையும் எளிதாகக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. கலரில் ஸ்கேன் செய்யச் சொன்னது இதற்காகத்தான். போனில் ஸ்னாப்சீட் ஆப்பைத் திறந்து, 'பிளாக் அண்ட் ஒயிட்' கருவிக்குப் போய், சிவப்பு ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் கறை, சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைப் பேப்பர் போலவே தெரியும். எனவே கறை பெருமளவு மறைந்து, உருவம் மட்டும் நிற்கும். முன்பே கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்திருந்தால் இந்த வசதி கிடைக்காது.

பிறகு, வெளிறிய படத்துக்குக் கொஞ்சம் கான்ட்ராஸ்ட். கொஞ்சம்தான்! தாத்தாவின் வேட்டி மடிப்பும், பாட்டியின் கூந்தல் இழையும் தெரியும் வரை போதும். வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகவும், கூந்தல் வெறும் கறுப்புத் திட்டாகவும் ஆகிவிட்டால் ஒரு படி பின்னால் வாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே தட்டலில் 'எச்.டி' ஆக்கும் ஏஐ ஆப்கள் இப்போது எல்லோர் போனிலும் இருக்கின்றன. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால், மங்கிய முகத்தில் இல்லாத விவரத்தை அவை ஊகித்து வரைகின்றன. கண் பளிச்சென்று வரும், அது பாட்டியின் கண்ணாக இருக்காது. மூக்குத்தியைத் தூசு என்று நினைத்து அழித்துவிடவும் வாய்ப்பு உண்டு. நாளை பேரப்பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் கொள்ளுப்பாட்டி என்று நினைப்பார்கள். விளையாட்டுக்குச் செய்து பாருங்கள். ஃபிரேம் போடும் படத்துக்கு வேண்டாம்.

பிரிண்டரில் மூன்று வேலை

ஒன்று, நாசில் செக். பிரிண்டர் மெனுவில் இருக்கும். ஒரு ஏ4 தாளில் நான்கு நிறக் கோடுகள் வரும். எங்காவது கோடு அறுந்திருந்தால் அந்த நிறம் சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம். பச்சைக்கும் சிவப்புக்கும் பாதிக் காரணம் இங்கேயே பிடிபட்டுவிடும். ஹெட் கிளீனிங் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை செய்யுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் இங்க்தான் வீண். மாதக்கணக்கில் சும்மா இருக்கும் பிரிண்டரில் இந்த அடைப்பு சகஜம். வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுத்தால் தவிர்க்கலாம்.

இரண்டு, பேப்பர் வகை. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பிரிண்டருக்குள் என்ன பேப்பர் வைத்தோம் என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். பல டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் இங்க், அதாவது பேப்பர் மேல் உட்காரும் பொடி. மற்ற மூன்றும் டை இங்க், ஊறிப்போகும் சாயம். கிளாஸி பேப்பரில் அந்தப் பொடி ஒட்டாது. அதனால் 'கிளாஸி' என்று தேர்ந்தெடுத்தால் அந்த பிரிண்டர்கள் கறுப்பைத் தொடாமல், மூன்று சாயத்தைக் கலந்தே கறுப்பு செய்யும். கிளாஸி பேப்பரை வைத்துவிட்டு 'பிளெயின் பேப்பர்' என்று விட்டுவிட்டால், கறுப்பு மேலேயே நின்று கையில் ஒட்டும், திட்டுத் திட்டாகத் தெரியும்.

மூன்று, கலரா, கிரேஸ்கேலா என்ற தேர்வு. கிரேஸ்கேல் என்று போட்டாலும் எல்லா மாடலும் கறுப்பை மட்டும் பயன்படுத்தும் என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள, வந்த பிரிண்டைப் போன் கேமராவில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கலர் புள்ளிகள் தெரிந்தால் கலவை, கறுப்புப் புள்ளிகள் மட்டும் என்றால் கறுப்பு இங்க். போன் ஆப்பில் இந்தத் தேர்வுகள் குறைவாகவே இருக்கும். கம்ப்யூட்டரில் இருந்து பிரிண்ட் கொடுத்தால் எல்லாமே கைக்கு வரும்.

இந்த வாரம் எங்கள் வீட்டு நாலு கலர் டேங்க் பிரிண்டரில், பாட்டியின் திருவந்திபுரம் கல்யாணப் படத்தை நான்கு விதமாக எடுத்துப் பார்த்தேன். சாதா ஏ4 தாளில் கலர் மோட்: சாம்பலெல்லாம் வெளிறி, உயிரே இல்லை. கிளாஸியில் கலர் மோட்: கூர்மை அருமை, ஆனால் நிழலில் பச்சை. கிளாஸியை வைத்து பிளெயின் செட்டிங்: பாட்டி புடவை கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. மேட் போட்டோ பேப்பரில் கிரேஸ்கேல்: பளபளப்பு இல்லை, உற்றுப் பார்த்தால் லேசாகப் புள்ளி தெரிகிறது, ஆனால் நிறச் சாய்வே இல்லை. நான்கையும் மேஜையில் வைத்து, எது எப்படி எடுத்தது என்று சொல்லாமல் அம்மாவைக் கூப்பிட்டேன். கிளாஸியைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். மேட் படத்தை எடுத்துக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதுலதான் எங்க அம்மா இருக்காங்க" என்றார்.

நாலு கலர் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசும் அதுதான். மேட் போட்டோ பேப்பர், மேட் செட்டிங், கிரேஸ்கேல், ஹை குவாலிட்டி.

கிளாஸிதான் வேண்டும் என்றால்: பதினோரு கட்டம்

கலர் மோடில் எடுத்து நிறத்தைத் திருத்தலாம். கண்ணை மட்டும் நம்பினால் பேப்பர்தான் காலியாகும். ஒரு சின்ன அளவுகோல் செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் வேர்டிலோ பவர் பாயின்ட்டிலோ பக்கத்தில் பக்கத்தில் 11 கட்டம் போட்டு, வெள்ளையில் தொடங்கி பத்து பத்து சதவிகிதமாகக் கூட்டி, கடைசியில் முழுக் கறுப்பு. அதை 4-க்கு 6 கிளாஸி பேப்பரில் பிரிண்ட் எடுங்கள்.

* எல்லாக் கட்டமும் ஒரே நிறத்துக்குச் சாய்ந்தால் திருத்துவது எளிது. பிரிண்டர் செட்டிங்கில் கலர் அட்ஜஸ்ட்மென்ட்டை மேனுவலாக வைத்து, பச்சை என்றால் மெஜந்தாவைக் கூட்டுங்கள். சிவப்பு என்றால் சயான். நீலம் என்றால் மஞ்சள். ஒவ்வொரு முறையும் சிறிதளவு மட்டும்.
* வெளிர் கட்டம் ஒரு நிறம், கறுப்புக் கட்டம் இன்னொரு நிறம் என்றால் இந்த ஸ்லைடரால் ஆகாது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். வேறு பேப்பர் மாற்றுங்கள், அல்லது மேட்டுக்கே போய்விடுங்கள்.
* கடைசி இரண்டு மூன்று கட்டங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டால், படத்தின் நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்க வேண்டும். இல்லையென்றால் கூந்தலும் பின்னணியும் ஒன்றாகிவிடும்.

சரியான அளவு கிடைத்ததும் அந்த எண்களை அட்டையின் பின்னாலேயே எழுதிவையுங்கள். இங்க் பிராண்ட் மாறினாலோ, பேப்பர் மாறினாலோ கணக்கும் மாறும். விலை குறைந்த இங்க்கை இடையில் ஊற்றினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள்

பிரிண்ட் வெளியே வந்ததும் பார்த்துவிட்டு "சே, சிவப்பா இருக்கே" என்று தூக்கிப் போடாதீர்கள். சாயம் காயக் காய நிறம் கொஞ்சம் மாறும். ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். மூன்று சாயம் கலந்த சாம்பல், பகல் வெளிச்சத்தில் ஒரு மாதிரி, எல்இடி பல்பில் ஒரு மாதிரி தெரியும். காலையில் திண்ணையில் சரியாக இருந்த படம், இரவு ஹாலில் பச்சையாகத் தெரிவது இதனால்தான். கறுப்பு இங்க் மட்டும் வைத்து எடுத்த படத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. படம் எங்கே மாட்டப்போகிறதோ, அந்தச் சுவரிலேயே வைத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

புது பிரிண்டர் வாங்கலாமா?

ஒரு படத்துக்காக வேண்டவே வேண்டாம். குடும்பத்தில் ஐந்நூறு பழைய படம் இருக்கிறது, நீங்களே எடுக்க ஆசை என்றால், சாம்பல் நிற இங்க் தனியாக உள்ள மாடலைப் பாருங்கள். எப்சன் எல்8180, கேனான் பிக்ஸ்மா ஜி570 போன்றவற்றில் அது உண்டு. சாம்பலுக்கென்றே ஓர் இங்க் இருப்பதால் மூன்று சாயத்தைக் கலக்கும் வேலை குறைகிறது, படம் சாயாமல் நிற்கிறது.

ஒன்றிரண்டு பெரிய படம் மட்டும் என்றால், திருத்திய ஃபைலை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கலர் லேபுக்குப் போங்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: "ஆட்டோ கரெக்‌ஷன் போடாதீங்கண்ணே, ஒரு சின்ன பிரிண்ட் எடுத்துக் காட்டிட்டுப் பெரிசு போடுங்க."

அசலை என்ன செய்வது?

பிரதி நன்றாக வந்துவிட்டது என்று அசலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேமினேஷன் செய்யவும் கூடாது, பிறகு எடுக்கவே முடியாது. ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம். காகித உறையில் போட்டு, ஈரம் ஏறாத மேல் தட்டில் வையுங்கள். வெள்ளம் வரும் தெருவில் இருப்பவர்கள் கீழ் தட்டை மறந்தேவிடுங்கள். சுவரில் பிரதியை மாட்டுங்கள். வெயில் படும் சுவரில் டை இங்க் சீக்கிரம் வெளிறும், கண்ணாடி போட்ட ஃபிரேமில் இருந்தால் கொஞ்சம் தாங்கும்.

வீட்டுப் படத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றுகிறதா? கடலூருக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களைப் பாதுகாத்து வருகிறது. பெரும்பாலும் தென்னிந்தியக் கோயில்களும் சிற்பங்களும். அதன் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவித் திட்டத்தில், தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களையும் குடும்பப் படங்களையும் தேடித் தேடி ஸ்கேன் செய்தார்கள். மாலையும் கழுத்துமாக நிற்கும் சாதாரண மனிதர்களின் படங்கள் நம் சமூகத்தின் சரித்திரம் என்று அவர்கள் நினைத்தார்கள். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்ததே 2009-ல்தான். அதற்கு முன்பு கல்யாணம் ஆன பலருக்கு, அந்த நாளின் சாட்சியாகக் கையில் இருப்பது ஒரு பத்திரிகையும் ஒரு போட்டோவும்தான்.

கடைசியாக ஒரு வேலை. இதற்கு பிரிண்டரும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். பிரிண்ட் எடுத்ததும் அதை வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் கேளுங்கள். "இது உங்க தாத்தாவோட சின்ன மாமா, இந்தப் பொண்ணு யாருன்னா..." என்று அவர் சொல்வதைப் போனில் ரெக்கார்டு செய்துகொண்டு, பிரதியின் பின்னால் பென்சிலால் எழுதிவையுங்கள். பால் பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். முகத்தின் நிறத்தை அடுத்த மாதம்கூடத் திருத்தலாம். பெயர் தெரிந்தவர் நம்மோடு இருக்கும்போதே பெயரைக் கேட்டுவிட வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள்!